கோடு பார்க்கிற கண்

“ரிஜெக்ட்!” என்றான் தேசப்பன். சொன்ன கையோடு அந்த வெள்ளைப் பட்டையை ஜன்னல் வழியாக விட்டெறிந்தான். அது பக்கத்து வீட்டுக் கோழி மேல் விழ, கோழி கத்திய கத்தலில் கும்மிடிப்பூண்டியே விடிந்துவிட்டது.

“நல்லா பாத்தியாய்யா?” செல்வி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். “அஞ்சு நிமிஷம் உட்டுப் பாக்கணும்னு மெடிக்கல்காரரு சொன்னாரே.”

“அஞ்சு நிமிஷம் இன்னாத்துக்கு? எனக்கு அர நிமிஷம் போதும். கோடு பாக்கறதுதானேமே என் பொழப்பு?”

அது என்னவோ வாஸ்தவம். சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக அவன் குவாலிட்டி செக்கிங். ஓடுகிற பைப்பில் ரோலர் நழுவி நீலக் கோடு இரட்டித்துவிட்டால், கேன்டீனில் வடை தின்றுகொண்டே “மிஷினை நிறுத்து!” என்று கத்துவான். எறும்புக்குப் புருவம் இருந்தால் அதில் நரை எத்தனை என்றுகூடச் சொல்லிவிடுவான் என்பார் ஃபோர்மேன். அப்பேர்ப்பட்டவன், கர்ப்பம் பார்க்கிற கிட்டோடு வரும் இங்கிலீஷ் தாளைப் படிப்பானாக்கும்! அது நேராக அடுப்புக்குப் போனது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரே மாதத்தில் இது மூன்றாவது கிட். செல்விக்கு நாள் தள்ளிப் போவது ஒன்றும் புதிதல்ல. ஷூ கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற உடம்பு, தனக்கென்று தனியாக ஒரு காலண்டர் வைத்திருந்தது.

முதல் இரண்டு தடவையும் அழுதாள். இந்தத் தடவை அழவில்லை.

“நான் குவைத்துக்கே போறேன்யா,” என்றாள். “ஏஜென்ட் ஆசீர்வாதம் அண்ணன் ரெண்டு வருஷ விசா வச்சிக்கினு நிக்கிறாரு. இங்க போறவ வர்றவகிட்டல்லாம் ‘இன்னும் விசேஷம் இல்லியா’ன்னு பேச்சு வாங்கறதுக்கு, அங்க போய் எவ ஊட்லயாவது பாத்திரம் தேய்க்கிறேன்.”

“ரெண்டு வருஷமா? அதுவரிக்கும் நான் இன்னாமே பண்றது?”

“பைப்பப் பாத்துக்கினு இரு.”

மூன்றாம் நாளே பட்டணத்தில் மெடிக்கல் செக்கப். ஒரு ரூபாய் போனில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு தேசப்பனும் ரயிலேறினான். உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. பொன்னேரியில் இறங்கி ஏறினான், மீஞ்சூரில் இறங்கி ஏறினான். எண்ணூரில் இறங்கியவன் ஏறுவதற்குள் ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டியில் தொத்திக்கொண்டு வந்தான். செல்வி மட்டும் பாஸ்போர்ட் இருந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதே குவைத்தில் இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

லேப் வராந்தாவில் அவன் நடந்த நடையை நீட்டி நேராக்கினால் நெல்லூருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒன்பது வருஷமாகக் கும்பிட்டவன், இன்று சிறுவாபுரி முருகனிடம் பேச்சை மாற்றினான். ‘பெருசா வேணாம்பா. கண்ணு கொஞ்சம் மங்கல், காது கொஞ்சம் மந்தம். திருப்பி அனுப்பற அளவுக்கு ஒண்ணே ஒண்ணு குடு.’

கண் பாஸ். காது பாஸ். ரத்த அழுத்தமும் பாஸ். உள்ளேயிருந்து ஒவ்வொரு ‘பாஸ்’ கேட்கும்போதும் தேசப்பன் ஒரு அங்குலம் குட்டையானான்.

கடைசியாக எக்ஸ்ரே. அறை வாசலில் ஃபாரமும் பேனாவுமாக ஒரு நர்ஸ் நின்றிருந்தார்.

“இதுல நிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லும்மா. முழுகாம கிழுகாம இருக்கியா? இருந்தா எக்ஸ்ரேவும் கெடையாது, குவைத்தும் கெடையாது.”

“எங்க சிஸ்டர்!” செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். “அதுக்குக் குடுத்து வைக்கல. ஊட்லயே மூணு தபா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம்.”

நர்ஸின் பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் போனது. செல்வி ஒரு காலை எக்ஸ்ரே அறைக்குள் வைத்துவிட்டாள்.

“டெஸ்ட்ட யாரு பாத்தது? சரியா பாக்கத் தெரியுமா?” என்று நர்ஸ் சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்.

பெண்டாட்டி போகிற துக்கத்திலும் தேசப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று வாசலுக்கு வந்து நின்றான்.

“நான்தான் சிஸ்டர் பாத்தேன். மூணு தபாவும் பளிச்சுனு ரெண்டு கோடு!”