மூணு பத்துக்கு எடுத்த படம்

மரமில் முதலாளி, சிக்னல் கேமரா படத்தோடு வந்த அபராதச் சீட்டைக் கசக்கி மனைவியின் முகத்தில் விட்டெறிந்தார்.

"வியாழக்கிழமை மதியம் மூணு பத்துக்கு நான் சிக்னலைத் தாண்டினேனாம்! என் பைக்காம், என் ஹெல்மெட்டாம்! வக்கீல் வெச்சு இவனுங்களை நாறடிக்கிறேன் பார்!"

"வேணாங்க, பேசாம அபராதத்தைக் கட்டிடலாம். அந்தப் படத்துல..."

முடிக்கவிடவில்லை. விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது.

சாப்பாடு போடும்போது மறுபடி வாயெடுத்தாள். தட்டு பறந்துவந்து நெற்றியைப் பிளந்தது. படுக்கப்போகும் முன், "ஒரே ஒரு வார்த்தை கேளுங்க" என்று காலைப் பிடித்தாள். அந்தக் காலாலேயே எட்டி உதைத்தார்.

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தவள் சொன்னாள்: "நல்ல வக்கீலாவே வையுங்க."

"இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு."

வக்கீல் கெட்டிக்காரர். பல வருஷம் முன்பே ரம்பத்தில் சுண்டுவிரல் போன முதலாளியின் கையை நீதிபதியிடம் காட்டச் சொன்னார். படத்தில் பைக் ஓட்டிய கையில் ஐந்து விரல்களும் முழுசாக இருந்தன. வழக்கு தள்ளுபடி.

மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தவரை இன்ஸ்பெக்டர் மறித்தார்.

"உங்க மில் பார்ட்னரை வெட்டிக் கொன்னதும் அதே வியாழக்கிழமை, அதே மூணு பத்துக்குத்தான். சிக்னல் கேமராவுல உங்க படம் இருந்ததாலதான் இத்தனை நாள் விட்டுவெச்சோம். அது நீங்க இல்லைன்னா, அப்ப எங்க இருந்தீங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்குக் கோடாலியோடு அவர் ஜீப்பில் ஏறியதைப் பார்த்ததும், அவரை எப்படியாவது காப்பாற்ற அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பைக்கில், கேமராவில் படம் விழட்டும் என்றே சிக்னலைத் தாண்டியவள், தையல் போட்ட உதட்டைத் தடவிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.