ஆளுக்கொரு வியாதி

"ஒரு பொறி வச்சேன் டாக்டர். எலி மாட்டிக்கிச்சு," என்று சொல்லிவிட்டு எம்.டி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த எலி தான்தானோ என்று உளவியலாளருக்குத் தோன்றியது. எலி வேறு யாராவதாக இருந்தால் இந்த மனிதர் இதற்குள் ஆபீசையே இரண்டாக்கியிருப்பார். இவ்வளவு நிதானம் நல்லதற்கில்லை.

நான்கு மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் இந்த அறைக்கு வருகிறாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் எம்.டி.க்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. ஏற்பாடு செய்தவர் சேர்மன். ஆள் கெட்டிக்காரர்தான், ஆனால் ஒருத்தரையும் நம்ப மாட்டேன் என்கிறார், கொஞ்சம் பேசிப் பாரும்மா என்று கேட்டுக்கொண்டார். ஆபீசில் எம்.டி.க்கு சி.ஐ.டி. என்று பட்டப்பெயர். அவளுக்கு மண்டை டாக்டர்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் பெரிய அதிகாரிகளோடு பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. அறையில் பேசியது அறையோடு. அந்தத் தொழிலுக்கு வேறு முதல் கிடையாது. மாதாமாதம் சேர்மனுக்கு அவள் அனுப்பும் அறிக்கையில், இத்தனை முறை சந்தித்தோம் என்பதற்கு மேல் ஓர் எழுத்து இருக்காது. வாய் விட்டுவிட்டாள் என்று ஒரே ஓர் எம்.டி. சொன்னால் போதும், அப்புறம் எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிறுத்தி வைத்துப் பேசாது.

அவர் பொறியை விளக்கினார்.

அடுத்த மாதம் அவருடைய பதவிக்காலம் முடிகிறது. நீட்டிப்பதும் நீட்டிக்காததும் சேர்மன் கையில். யாரோ தன்னைப் பற்றி மேலே போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே அரிப்பு. அதனால் மூன்று பேரிடம் மூன்று வியாதியைச் சொல்லி வைத்திருக்கிறார். துணை மேலாளரிடம் சிறுநீரகக் கல். செக்ரட்டரியிடம் கண் ஆபரேஷன். மண்டை டாக்டரிடம் சர்க்கரை. எது சேர்மன் காதுக்குப் போகிறதோ, அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

அட பாவி மனுஷா! போன வாரம் குரல் தழுதழுக்கச் சொன்னதெல்லாம் நடிப்பா? அவள் வேறு உருகிப்போய் அரை மணி நேரம் ஆறுதல் சொன்னாளே.

கோபம் வந்த சுருக்கில் பயமும் வந்தது. எங்கேயாவது உளறிவிட்டோமா?

உளறித்தான் இருந்தாள். காபியில் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை போட்ட கணவனிடம், உங்க வயசுல ஒருத்தர் என்ன பாடு படறார் தெரியுமா என்று ஒரு வார்த்தை. பேர் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அண்ணன் தினமும் காலையில் சேர்மனோடு நடக்கப் போகிறவர். இத்தனை வருஷத்தில் அவள் தொழிலைப் பற்றி வெளியே மூச்சு விடாத புருஷனை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சந்தேகப்பட்டாள். அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

எம்.டி. மேலே சொன்னார். இன்று காலை சேர்மன் அவரைக் கூப்பிட்டனுப்பினாராம். தோளில் கை போட்டு உட்கார வைத்தாராம். கை நடுக்கத்துக்குக் கைதேர்ந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள், உன் நாற்காலி எங்கேயும் ஓடிவிடாது என்றாராம்.

கல்லும் இல்லை, கண்ணும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதியை எம்.டி. நீடிக்க விடவில்லை. நடுக்கத்தைப் பற்றி அவர் ஒரு ஜீவனிடமும் மூச்சு விட்டதில்லை. கையெழுத்துப் போடுவதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். அப்படியிருக்க அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? எதிரே உட்கார்ந்து ஆளை மணிக்கணக்கில் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்தானே? சேர்மனுக்குப் புகார்க் கடிதம் தயார், சாயங்காலம் போய்விடும் என்றார்.

உண்மையில் அவள் அதை இரண்டாவது சந்திப்பிலேயே பார்த்துவிட்டாள். அவராகச் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். இப்போது பார்க்கவில்லை என்றால் பொய், பார்த்தேன் என்றால் வேலை போச்சு.

சேர்மன் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள். போட்டுக் கொடுக்கிறவர்கள் ஆளைக் கவிழ்க்கத்தான் சொல்வார்கள். இது அப்படி இல்லையே. லீவு கொடுங்கள், நாற்காலியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள் என்று யாரோ அவருக்காகப் போய் அழுதிருக்கிறார்கள். செக்ரட்டரி அழ மாட்டாள். துணை மேலாளர் அந்த நாற்காலிக்குத்தான் காத்திருக்கிறார்.

அவள் தன் பக்கத்து நியாயம் எதையும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலையில வீட்டுல உங்களுக்குச் சட்டை பட்டன் போட்டு விடுறது யார் சார்?"

எம்.டி. குனிந்து பார்த்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை, இரண்டு மணிக்கட்டிலும், எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

மேசைக்கு அடியில் இருந்த வலது கை மேலே வந்து நடுங்கியது. அதை மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"என் வீட்டுக்காரிகிட்ட தோள்பட்டை சுளுக்குன்னுதானே சொல்லி வச்சிருந்தேன்," என்றார்.