தூங்காத சிப்

வீட்டில் மூன்று பேர்: பிரேமாவதி அக்கா, அவருடைய கொழுந்தன் பரஞ்சோதி, போன் பழுது பார்க்கும் நான்.

“நேத்து எங்க வீட்டுக்காரர் நம்பர்லேர்ந்து மிஸ்டு கால், தம்பி. இப்பத்தான் பார்த்தேன். யாரும் அந்த போனைத் தொடலை.”

“எங்கயாச்சும் அழுந்தியிருக்கும் லா, அண்ணி,” என்றார் பரஞ்சோதி.

“அழுத்தவே வேணாம்க்கா. சிப்புல பெரிய பிராசசர் தூங்கினாலும், பக்கத்துல சின்னது ஒண்ணு முழிச்சுக் கேட்டுட்டே இருக்கும். சொந்தக்காரர் குரல் கேட்டா பெரியதை எழுப்பும். அவர் சொல்ற ஆளுக்கு போன் போகும்.”

“வேற ஆள் குரலுக்கு?” என்றார் அக்கா.

“எழும்பாது.”

அக்காவின் முகம் வெளிறியது. “சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் அதை அவர் சட்டைப் பையில வச்சேன். கால் வந்தது மூடினதுக்கு அப்புறம். பரஞ்சோதி, நேத்தே புதைச்சிரணும்னு நீதானே அவசரப்பட்டே!”

அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மயானத்துக்கு ஓடினார். நானும் எழுந்தேன்.

பரஞ்சோதி என்னை முந்திப் போய், அக்கா வெளியேறிய கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினார்.