கடைசிப் பெட்டி

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. மேல் அடுக்கில், மதியம் தொண்டையில் இறங்காத சாப்பாடு அப்படியே இருந்தது. கீழ் அடுக்கில், பழைய துணியில் சுற்றி, விரல் நீளத்தில் பன்னிரண்டு பேட்டரி செல்கள்.

ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் முனையிலும் காகித டேப் ஒட்டியிருந்தாள். ஆறு வருஷமாகப் பேட்டரி கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு அதுகூடத் தெரியாமல் போகுமா?

திருடத்தான் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது.

கேட்டில் சோதனை போடுகிற செக்யூரிட்டி அம்மாவை, முதுகுக்குப் பின்னால், எல்லோரும் கழுகக்கா என்றுதான் சொல்வார்கள். ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போன ஃபிட்டரை, அந்த ஆள் நடந்த நடையை வைத்தே பிடித்துக் கொடுத்தவர். அன்றோடு அவனுக்கு வேலை போயிற்று.

வரிசை நகர்ந்தது.

நான்கு மாதமாகக் கம்பெனியில் வேலை என்று ஒன்றும் இல்லை. வருகிறார்கள், தரையைத் துடைக்கிறார்கள், போகிறார்கள். பேட்டரி இங்கே செய்கிறோம் என்று பேர்தான். அதற்குள் போகிற செல் கடல் தாண்டி ஒரே ஒரு நாட்டிலிருந்து வர வேண்டும். அந்த நாடு ஒரு நாள் கையை விரித்துவிட்டது. இப்போது ஸ்டோரில் மூட்டை மூட்டையாக மிஞ்சியிருப்பது ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று அச்சடித்த ஸ்டிக்கர்.

அப்புறம், அலமாரியின் அடித்தட்டில் ஒரு பெட்டி. இருபத்து நான்கு செல். கடைசிப் பெட்டி.

இன்று ஸ்டோரைப் பெருக்கும் முறை அவளுடையது.

வீட்டில் அவள் கணவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். நிலக்கரி மின் நிலையத்தில் இருபது வருஷம் கரி அள்ளிய நெஞ்சு. அந்த நிலையத்தை மூடிய அன்று, இனிமேல் புகையே இல்லை என்று தெருவே கைதட்டியது. அவரும்தான் தட்டினார், இருமிக்கொண்டே.

இப்போது கூரைக்குக் கூரை சோலார் தகடு. பகலில் கரண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சேர்த்து வைக்கத்தான் பேட்டரி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போகிற கரண்ட் ஒன்பதுக்குத்தான் திரும்பி வரும்.

அந்த மூன்று மணி நேரமும் அவருடைய மூச்சு மிஷின் பேட்டரியில் ஓட வேண்டும். முன்பெல்லாம் நான்கு மணி நேரம் தாங்கியது. பிறகு இரண்டு. நேற்று இருபதே நிமிஷத்தில் கத்தி ஓய்ந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் கூடவே தானும் ஒன்று இழுத்தாள். உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. கரண்ட் வந்தபோது அவர் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சொல்ல விடவில்லை.

இன்னொரு தடவை தாங்க மாட்டார்.

கடை கடையாக ஏறி இறங்கியாகிவிட்டது. சரக்கு வந்தால் சொல்கிறோம் என்றார்கள். மேனேஜர் காலில் விழாத குறை. அவர் நல்ல மனிதர்தான்; முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டியைத் தொட எனக்கே அதிகாரம் இல்லையம்மா என்றார்.

அவள் முறை வந்துவிட்டது. டப்பாவைப் பார்த்ததும் உலோகச் சோதனைக் கருவி கீச்சிட்டது. எவர்சில்வருக்கு அது எப்போதும் கீச்சிடும். அதை நம்பித்தான் இந்த டப்பாவை எடுத்து வந்திருந்தாள்.

கழுகக்கா மேல் அடுக்கைத் தூக்கினார். துணியைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் மூச்சு மிஷினுக்குக்கா. வேற வழி தெரியலக்கா” என்றாள்.

பின்னால் நிற்பவர்கள் பார்க்காதபடி கழுகக்கா குறுக்கே திரும்பி நின்றுகொண்டார். ஒரு செல்லை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார்.

“அடித்தட்டுப் பெட்டிதானே? அதுல இருக்கிற அத்தனையும் செத்த செல்லு. நல்லதையெல்லாம் போன மாசமே எடுத்துட்டு, கழிவு டிரம்முல கிடந்ததை நான்தான் போட்டு வெச்சேன்.”

காதில் விழுந்தது. மண்டையில் ஏறத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. இன்னும் ஒரே ஒரு மணி நேரம்.

என்ன அங்கே தாமதம் என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

கழுகக்கா டப்பாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால முதல் வீடு. கட்டிலுக்கு அடியில பேட்டரி இருக்கு, இருபத்து நாலு செல்லும் போட்டுக் கட்டினது. எங்க வீட்டு மூச்சு மிஷினுக்குப் போட்டது, உங்களதுக்கும் பொருந்தும். ஓடு.”

அவள் சாவியைப் பார்த்தாள், கழுகக்காவைப் பார்த்தாள்.

“அப்போ உங்க வீட்டுல...?”

கழுகக்கா அடுத்த ஆளின் பைக்குக் கையை நீட்டிவிட்டார்.

“வீட்டுல இப்போ யாரும் இல்ல.”