குருவி எடுத்த சரக்கு

ஏணியின் உச்சிக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் கடையில் கொஞ்ச நாளாகவே திருட்டு நடந்துகொண்டிருக்கிறது.

திருடியது ஒரு குருவி. பெயர்ப்பலகைக்குப் பின்னால் கூடு கட்டியிருந்தது.

எங்களுடையது தையல் சாமான் கடை. நூல், லேஸ், பட்டன், எலாஸ்டிக். கீழே கடை, மேலே வீடு. காலையில் புதுப் பலகை வந்து இறங்கியிருந்தது, உள்ளே விளக்கு எரிகிற வகை. அதை மாட்டப் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கூடு தரைக்கு வந்துவிடும்.

அதற்குள் ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, பலகை மாட்ட வந்தவரின் ஏணியில் நான் ஏறியிருந்தேன்.

எல்லாம் கல்லூரியால் வந்தது. 'பண்பாடும் சூழலும்' என்று ஒரு பாடம். சூழல் என்றால் காடு, மலை, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சமாச்சாரம். பண்பாடு என்றால் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருப்பது. இரண்டும் தனித்தனிப் பொட்டலம் என்றுதான் நான் மனசுக்குள் விலை ஒட்டி வைத்திருந்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஓர் இடத்தை உங்கள் வாசலிலேயே பார்த்து எழுதுங்கள் என்றார் பேராசிரியை. பஸ் செலவில்லாத வேலை. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தேன்.

வெளிச்சுவர் காய்ந்த புல். அதற்குள் எங்கள் கடையே இருந்தது.

"என்னம்மா இருக்கு?" கீழிருந்து அப்பா.

"வெள்ளி லேஸ் ஒரு துண்டு, ரோஸ் நூல், எலாஸ்டிக், ஒரு விலைச்சீட்டு."

"லேஸ் நல்லதா, மட்டமா?"

"நல்லதுதாம்ப்பா."

"பாத்தியா, பொறுக்கி எடுத்திருக்கு. வர்ற கஸ்டமருக்கே அந்தக் கண்ணு கிடையாது."

சிரித்துக்கொண்டே போனின் விளக்கைப் போட்டேன். அத்தோடு சிரிப்பு நின்றது.

உள்ளே மூன்று குஞ்சுகள். பேருக்குக்கூட ஓர் இறகு இல்லை. தோல் அத்தனை மெல்லிசு. உள்ளே துடிப்பது வெளியே தெரிந்தது.

அவை படுத்திருந்தது கன்னங்கரேலென்று ஒரு மெத்தையில். வட்டம் வட்டமாக, ஓர் இழைகூடப் பிசகாமல் சுற்றியிருந்தது. எங்கள் கடையில் பாபின் சுற்றும் மிஷின் இருக்கிறது. அது பிச்சை வாங்க வேண்டும்.

பண்பாடு எது, சூழல் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால், வைக்க அங்கே இடமே இல்லை. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

"குஞ்சு இருக்குப்பா. ஏதோ கறுப்பு நூல்ல மெத்தை போட்டிருக்கு."

"கறுப்பா? பட்டா, பாலியெஸ்டரா?"

ஓரத்தில் தொங்கிய ஓர் இழையை மெதுவாக இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்தைத் தாண்டியது. முழுக்கக் கறுப்பு. ஒரு முனையில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை.

சாயம். அம்மா இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத சாயம்.

நிமிர்ந்து பார்த்தேன். கைக்கெட்டும் உயரத்தில் அம்மாவின் ஜன்னல், சாத்தியபடி.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தினமும் விடிந்ததும் அம்மா அந்த ஜன்னலில் உட்கார்ந்து தலை வாருவாள். சீப்பில் வந்ததையெல்லாம், நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று, காற்றில் விட்டுவிடுவாள். ஒருநாள் சீப்பு ஓய்ந்தது. ஜன்னலும் மூடிக்கொண்டது. மாடியிலிருந்தபடியே தெருவில் போகிற வண்டிக்காரர்களிடம் விலை குறைத்து வாங்கியவள், அன்றிலிருந்து எங்களிடமே நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

காற்று கொண்டுபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

"கேக்கிறேன்ல பாப்பா? நம்ம கடை நூலா?"

"கடையோடது இல்லப்பா. வீட்டோடது."

இறங்கி வந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். எந்த நூலையும் கண்ணை மூடிக்கொண்டு தடவி விலை சொல்கிற மனிதர். இரண்டு விரலுக்கிடையில் உருட்டினார். மறுபடி உருட்டினார்.

அவர் ஒன்றைத் தொட்டு விலை சொல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

"கழட்டிடவா முதலாளி? எனக்கு இன்னும் ரெண்டு கடை இருக்கு" என்றார் பலகை மாட்டுபவர், ஸ்பேனரைத் துடைத்தபடி.

அப்பா அந்த இழையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஜன்னல் கதவு கிரீச்சிட்டது.

"ஏம்ப்பா, பழைய போர்டைத் தொடாம, புதுசைப் பக்கத்துல மாட்ட என்ன கேப்ப?"

பலகை மாட்டுபவர் பெட்டிக்குள் திருகாணி தேடிக்கொண்டிருந்தார். "அது தனி வேலைம்மா. புதுசா ஓட்டை போடணும். கூலி கூட ஆகும்."

"கூடவா! கழட்டுற வேலையை உனக்கு மிச்சம் பண்ணித் தர்றேன். நியாயமாப் பாத்தா நீதான் எனக்குக் குறைக்கணும்."

இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார் போல. சொல்லத் தலையை நிமிர்த்தினார்.

ஜன்னலுக்கு வெளியே அம்மா பாதி உடம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். தலையில் துணி கட்டவில்லை. காலை வெயில் நேராக அந்த வழுவழுத்த தலையில் விழுந்தது. வாயில் இரையோடு வந்த குருவி, அவள் காதோரமாகப் பறந்து கூட்டுக்குள் நுழைந்தது. மூன்று மொட்டைத் தலைகளும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன.

அவர் கையில் திருகாணியோடு அப்படியே நின்றார்.

அந்த இடைவெளியில் அம்மா விலையை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.