எட்டாவது விசாரணை

"எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி! கோச்சுன்னு நீங்க எதுக்கு?" என்று பொரிந்து தள்ளிய கால்பந்து கிளப் தலைவர், டீக்கோப்பையை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

பயிற்சியாளர் அந்தக் கோப்பையையே பார்த்தார்.

"கேப்டன் இனிமே ஆடவே முடியாதுன்னு டாக்டர் கைவிரிச்சிட்டார். முழங்கால் வலியோட இருந்தவனை ஏன் இறக்குனீங்க?"

"அவர் ஆடியே ஆகணும்னு சொன்னது நீங்க சார். மறுக்காதது என் தப்புதான்."

"வலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எழுதியே கொடுத்தேன் சார். முதல் ஆட்டம் தோத்ததும் இதே ரூம்ல விசாரிச்சீங்களே, அன்னிக்கே உங்க கையில கொடுத்தேன்."

"புளுகாதீங்க! எங்க அது?"

"கோப்பையைக் கொஞ்சம் எடுங்க சார்."

தலைவர் எடுத்தார். அடியில், 'மிக அவசரம்: கேப்டனின் மருத்துவ அறிக்கை' என்று எழுதிய உறை, ஒட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் வட்ட வட்டமாக டீக்கறைகள். ஏழு காய்ந்திருந்தன. எட்டாவது ஈரமாக இருந்தது.

மேசையின் மறுபக்கம், பயிற்சியாளரின் வேலைநீக்கக் கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தலைவர் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.