துப்பாக்கி இல்லாத பெட்டி

பீரோ மேல் ஒரு கைத்துப்பாக்கிப் பெட்டி இருந்தது. கம்பெனியிலிருந்து துப்பாக்கியோடு வந்த கறுப்புப் பெட்டி. அதற்கு ஏக மிடுக்கு. பக்கத்தில் கிடந்த குடை அதனிடம் பயபக்தியோடுதான் பேசும்.

"அண்ணாச்சி, உள்ளே இருக்கிறவரு இதுவரைக்கும் எத்தனை தடவை வெடிச்சிருக்காரு?"

"அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது," என்றது பெட்டி. உண்மையில் அதற்கே தெரியாது.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. வீட்டுக்காரர் சொர்ணப்பன் துப்பாக்கியை மட்டும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். குடை அப்போது மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த குடையிடம் துப்பாக்கி போனதைப் பற்றிப் பெட்டி மூச்சு விடவில்லை. தூசி தட்டுவதற்காக வீட்டம்மா அதை ஒற்றைக் கையால் அலாக்காகத் தூக்கியபோதுகூட, "மெல்ல, மெல்ல! கனம் தாங்க மாட்டே!" என்று முனகியது. குடை வெலவெலத்துப்போய்த் தள்ளிப் படுத்தது.

ஓட்டு எண்ணி முடிந்ததும் துப்பாக்கி வீடு திரும்பிப் பெட்டிக்குள் படுத்தது.

"உன் மானத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கேன்," என்று பெட்டி கிசுகிசுத்தது. "நமக்குள்ளே இருக்கட்டும், இதுவரைக்கும் எத்தனை தடவை வெடிச்சிருக்கே?"

துப்பாக்கி ஓரக்கண்ணால் குடையைப் பார்த்தது.

"முதல்ல மூடியைச் சாத்து," என்றது.